பாதிக் காட்டுக் கடலை

கல்யாணமாகிப் போன முதல் வருஷமே என் வாய் ஒரு காட்டை வம்புக்கு இழுத்துவிட்டது. வாய் மட்டும் அடக்கமாக இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதற்கு வேறு என்ன கிடைக்கும்?

என் அப்பா ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, கரிசல் பூமி. நான் வாழப்போன ஊர் அங்கிருந்து மாட்டு வண்டியில் ஒரு பகல் தூரம். வெயில் தெளிந்த நாளில் சங்ககிரி மலை தெரியும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. இரண்டு ஊரிலும் ஐப்பசி மழை ஓய்ந்ததும் கொண்டைக்கடலை விதைப்பார்கள். முளைத்த பிறகு அதற்கு யாரும் தண்ணீர் காட்ட வேண்டாம், பனியைக் குடித்தே வளரும். அப்பா காட்டில் ஏக்கருக்கு ஐந்து மூட்டை கண்டது. மாமியார் வீட்டில் இரண்டு மூட்டை கண்டாலே கோயிலில் தேங்காய் உடைத்தார்கள்.

இதை நான் மனசோடு வைத்திருக்க வேண்டும். விதைக் கடலையை மொடாப் பானையிலிருந்து எடுத்துப் புடைத்துக்கொண்டிருந்தபோது, "எங்கூர்ல இத்தனூண்டு வெளைஞ்சா கோழிக்குத்தானுங்க போடுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்தபடியே சொன்னார்.

"அப்படியா அம்மிணி? உங்கப்பன் சீருக்கு அண்டா குடுத்தாரு, குத்துவெளக்குக் குடுத்தாரு. ஒரு வண்டி மண்ணு குடுக்க மனசு வரலையே. மருமவ மட்டும் வந்து என்ன பண்றது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காரணம் எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

கடலை விதைக்கும் அந்த இரண்டு ஏக்கர், மாமியாருக்கு அவருடைய அப்பா கொடுத்த காடு. பக்கத்து ஊர்க்காரர் அவர். மகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிழைக்கட்டும் என்று எல்லையோரமாகக் கொடுத்திருந்தார். அதை ஒட்டி மாமனாரின் பங்காளிக்கு ஒரு கிணறு இருந்தது. பங்காளி இரண்டு வருஷமாக இந்தக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலக்கடலை போட்டுக்கொள்கிறேன், அதற்குப் பதிலாக ஊருக்கு மேற்கே இருக்கும் என் மேய்ச்சல் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் பேச்சு. மேய்ச்சல் காட்டில் கல் நன்றாக விளையும்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமனார் சொன்னார்: "ரெண்டு வருசம் பாத்தாச்சு. இந்த வருசம் ஏக்கருக்கு மூணு மூட்டை காணோணும். காணலீன்னா மாத்திக் குடுத்துருவேன். அப்பறம் உங்கப்பன் குடுத்த காடுன்னு ஊட்டுக்குள்ள அழுகை வேண்டாம்."

மாமியார் திரும்பிக்கொண்டார். சொம்பை எடுத்து உள்ளே வைத்தார். ஒரு சொம்பு வைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

விதைத்தார்கள். செடி முழங்காலுக்குக் கீழே நின்றது, ஒற்றைத் தண்டாக, கிளையில்லாமல். மார்கழி பிறந்தது. எங்கள் ஊரில் அந்த நாளில் பெண்களெல்லாம் கூடையோடு காட்டில் இருப்பார்கள். கடலைச் செடியின் நுனிக் குருத்தைக் கிள்ளிக் கீரையாகக் கடைவோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கீரைதான். கிள்ளிய செடி பக்கத்தில் நாலாகக் கிளைத்துப் புதராகும், கிளைக்குக் கிளை காய்க்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். இங்கே யாரும் கிள்ளுவதில்லை என்பதையும் இப்போதுதான் பார்த்தேன்.

"அத்தை, குருத்தைக் கிள்ளிவிட்டா நல்லாப் பொதரு கட்டுமுங்க" என்றேன்.

"நிக்கற பயிரோட தலையைக் கிள்ளறதா? புள்ளத்தாச்சி வயித்துல அடிக்கற மாதிரி அது. உங்கூர்ல பண்ணுவாங்க. இங்க பண்ணுனா காடு கோவிச்சுக்கும்."

"காடு எங்க போயிக் கோவிச்சுக்கும் அத்தை? பங்காளி ஊட்டுக்குத்தானுங்களே போவுது."

அதற்கும் முறைப்புதான் கிடைத்தது. இரண்டு நாள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அடுப்பங்கரையில் நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று அப்போது நினைத்தேன். எனக்கு நாள் எப்போதும் முன்பின்னாகத்தான் வரும், அந்த மாதமும் தள்ளியிருந்தது. கடலை இலையில் ஒரு புளிப்பு உண்டு. பனியில் நனைந்திருக்கும்போது நாக்கைச் சுண்டும். நான் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு சொன்னேன்: "என்னமோங்க அத்தை, வாய்க்குப் புளிப்பாவே கேக்குது. கடலைக் குருத்துத் தின்னாத் தேவலாமாட்ட இருக்குது."

அவ்வளவுதான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கேட்பவர் தலையில் கட்டுவதும் பொய்தான்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தார். பிறகு, அந்த வீட்டுக்கு வந்த நாள் முதலாக நான் கேட்டிராத ஒரு குரலில், "நீ உக்காரு சாமி" என்றார்.

மசக்கைக்காரி கேட்டதை இல்லை என்று சொல்ல எந்தக் காட்டுக்கும் உரிமை கிடையாது. அன்று அவரே கூடையை எடுத்துக்கொண்டு போனார். என்னை விடவில்லை. வரப்புக்கு வடக்கே இருந்த ஏக்கரில் ஆரம்பித்தார். நான் தின்றேன். இன்னும் வேண்டும் என்றேன். ஒரு செடியில் ஒரு குருத்துக்கு மேல் கிள்ளினால் கசக்கும் என்றும் சொல்லி வைத்தேன். அதுவும் என் கற்பனைதான். கடைந்த கீரை, புளிக்குழம்பு, பருப்பு போட்ட கூட்டு என்று எட்டு நாள் அதே கீரை. என் வீட்டுக்காரர் நாலாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "மசக்கை உனக்கா எனக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஒருத்தி தின்று ஒரு ஏக்கர் தீருமா? அதற்கு மாமியாரே வழி கண்டார். "தனியாத் தின்னா கண்ணு படும். நாலு ஊட்டுக்குக் குடுத்துத் தின்னோணும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டார். தினமும் விடியலில் ஐந்தாறு கூடை அந்தக் காட்டில் நடந்தது. போனவர் சும்மா வருவாரா? புழுவைப் பார்த்தால் பொறுக்கினார், களையைப் பார்த்தால் பிடுங்கினார். அதற்கு முன்னே விதைத்த நாளுக்கும் பிடுங்கும் நாளுக்கும் நடுவே அந்தக் காட்டில் ஒரு கால் பட்டதில்லை.

ஆனால் அந்தப் பனிப் புளிப்பு பொல்லாதது. ஏழாம் நாள் அவர் எனக்குச் சோறு போடும்போது விரல் நுனிகளைப் பார்த்தேன். வெளுத்து, தோல் வெடித்து, ரசம் பட்டதும் கையை உதறினார்.

"விளக்கெண்ணெய் தடவட்டுங்களா அத்தை?"

"இருக்கட்டும். பேரன் வந்து தடவுவான்."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மசக்கை என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

வடக்குக் காடு முழுக்கக் கிள்ளி முடிந்து, மறுநாள் வரப்பைத் தாண்டித் தெற்கே போகலாம் என்று அவர் சொன்ன ராத்திரிதான் நான் வீட்டுக்குத் தூரமானேன். அந்தக் காலத்தில் அதை மறைக்க முடியாது. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் போய்த் தனியாக உட்கார வேண்டும். விடிந்ததும் மாமியார் கூடையோடு வெளியே வந்தார், என்னைப் பார்த்தார். கூடையை அப்படியே வைத்துவிட்டு, தொடக்கூடாது என்பதையும் மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கலைஞ்சு போச்சா சாமி?" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நாந்தான் சொன்னேனே, குருத்தைக் கிள்ளாதன்னு. நாந்தான் கிள்ளுனேன். என்ற கையாலயே கிள்ளிப்போட்டேன்."

எனக்கு வழி திறந்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். என்னைத் தாங்குவார்கள், ஊரும் பாவம் என்னும். ஆனால் அந்த வெடித்த விரலால் அவர் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். பொய் சொல்லும் துணிச்சல் எனக்கு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு உட்காரும் துணிச்சல் இல்லை.

"இல்லீங்க அத்தை. ஒண்ணும் கலையல."

"பின்ன?"

"ஒண்ணும் இருக்கவே இல்லீங்க. காட்டுக்காகச் சொன்னனுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்தார், சேலையை உதறினார், கூடையை எடுத்துப் போய் விறகுக்கு மேலே கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நான் வீட்டுக்குள் வந்த பிறகும் வரவில்லை. தெற்கே கிள்ள இன்னும் நாலைந்து நாள் இருந்தது, நானாவது போயிருக்கலாம். அவர் சொல்லாமல் அந்தக் காட்டில் கால் வைக்க எனக்கு முகம் இல்லை. அதற்குள் பூ எடுத்துவிட்டது. பூ எடுத்த செடியைக் கிள்ளக்கூடாது.

மாசியில் செடி பிடுங்கினார்கள். காய் தெறிக்காமல் இருக்க, பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்குவது வழக்கம். களத்தில் எல்லாவற்றையும் ஒரே போராகப் போடப் போனவர்களை மாமியார் நிறுத்தினார். அவர் களத்துக்கு வந்ததே அன்றுதான்.

"வடக்கத்தது தனியா, தெக்கத்தது தனியாப் போடுங்க."

"எதுக்கு ரெட்டை வேலை?" என்றார் மாமனார்.

"என்ற அப்பன் காடு. நான் கேக்கறேன்."

தனித்தனியாகத் தட்டினார்கள், தூற்றினார்கள், கட்டினார்கள். தெற்கே இரண்டு மூட்டை, இரண்டாவது வாய் கட்டும் அளவுக்கு நிறையவில்லை. வடக்கே மூன்று மூட்டை, மூன்றும் முட்ட முட்ட. ஒரே மண், ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. நடுவே ஒரு வரப்பு. மாமனார் இரண்டு குவியலையும் சுற்றிச் சுற்றி வந்தார். பங்காளியும் வந்து நின்றார்.

"ஆறு காணோணும்னு சொன்னீங்களே அண்ணா" என்றார் பங்காளி. "அஞ்சு கூட முழுசா இல்லையே இது."

"சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றார் மாமனார். வடக்கு மூட்டை ஒன்றைக் கையால் தட்டிப் பார்த்தார். "ஆனா எனக்குக் கண்ணு இருக்குதே. மூணு கண்டதை எப்படிக் குடுக்கறது? தெக்காலப் பக்கம் நீ எடுத்துக்க. வடக்கால அவளோடது. இனி அதை நான் கேக்க மாட்டேன்."

இப்படித்தான் அந்தக் காடு வரப்போடு இரண்டாகப் போனது. என் பொய்யால் பாதி நின்றது. அந்தப் பொய் உடைந்ததால் பாதி போனது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் முழுதும் போயிருக்கும் என்று ஒரு மனசு சொல்லும். இன்னும் ஒரு வாரம் நின்று மன்றாடியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று இன்னொரு மனசு சொல்லும். மூன்று மூட்டை கண்டது குருத்தைக் கிள்ளியதாலா, தினமும் ஆறு பெண்கள் அந்தச் செடிகளைக் குனிந்து பார்த்ததாலா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. குனிந்து பார்த்ததில்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

களத்திலிருந்து திரும்பும்போது மாமியார் இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"ஏம்மிணி, உங்கப்பன் காட்டுல அஞ்சு மூட்டைன்னியே. அது நெசமா, இல்ல அதுவும் மசக்கையா?"

"நெசமுங்க அத்தை. சத்தியமா."

"பாக்கறேன்" என்றார்.

அடுத்த மார்கழியில் நான் அப்பா வீட்டில் மூத்தவனைப் பெற்றேன். இந்தத் தடவை பொய்யில்லை. புளிப்பு என்றாலே குமட்டிய மசக்கை. அங்கே மாமியார், யார் மசக்கையும் இல்லாமல், அதே பெண்களைக் கூட்டிக்கொண்டு வடக்கு ஏக்கரைக் கிள்ளி முடித்துவிட்டு, தை பிறந்ததும் பிள்ளை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பேரனை மடியில் வாங்கி, மூக்கு யார் மூக்கு என்று முடிவு செய்துவிட்டு, கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் என் அம்மாவிடம், "சம்மந்தி, அந்தக் கடலைக் காட்டைப் பாக்கோணும்" என்றார்.

அம்மா அவரைக் கூட்டிப் போனாள். பச்சை உடம்பு என்றாலும் நான் பிள்ளையை அப்பாவைப் பெற்ற ஆத்தாவிடம் கொடுத்துவிட்டு வேலிவரை பின்னாலேயே போனேன். இதை எப்படி விடுவது? காட்டின் ஓரத்தில் அப்பா அந்த வருஷம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய பக்கச் சுவரில் மண் தெரிந்தது: இரண்டு ஆள் ஆழத்துக்குக் கன்னங்கரேலென்று. மாமியாரின் சங்ககிரிப் பக்கத்துக் காட்டில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல் கடப்பாரையில் இடிக்கும். பனி நின்ற பிறகும் இந்த மண் அடியில் ஈரத்தை வைத்திருக்கும், அந்த மண்ணால் முடியாது. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்தக் குழிக்குள்தான் இருந்தது. அதை எந்தக் கூடையாலும், எந்தப் பொய்யாலும் கொண்டுபோக முடியாது.

மாமியார் குழியோரம் குந்தி, ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கசக்கினார். அழுவாரோ என்று பார்த்தேன். எழுந்து காட்டுக்குள் நடந்தார். செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். இரண்டு ஓரத்தை விட்டால் காட்டுக்குள் யாரும் குருத்துக் கிள்ளியிருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அன்றைய கீரைக்குக் கிடைத்தால் போதும், வரப்போரத்தோடு திரும்பிவிடுவார்கள். களை செடி உயரத்துக்கு நின்றது. பிறந்த நாள் முதல் அந்த வரப்பில் நடந்தவள் நான். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

கொஞ்சம் தள்ளி அப்பா நின்றுகொண்டிருந்தார். அவரோடு நேராகப் பேசுவது முறையில்லை. மாமியார் அம்மாவைப் பார்த்து, அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏனுங்க சம்மந்தி, இத்தனை ஆழம் கருமண்ணு வெச்சுக்கிட்டு அஞ்சு மூட்டைதான் எடுக்கறீங்களா? இது என்ற கையில இருந்திருந்தா பாதிக் காட்டை விட்டுட்டு நின்னிருப்பனா நானு?"

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அப்பா கிணற்றுக்குள் எதையோ பார்க்கப் போவதுபோல் குனிந்தார். மாமியார் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, கையோடு ஒரு களையைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை அங்கேயே உதறிவிட்டு, வேலிக்கு வெளியே எறிந்தார்.