மாட்டு மணியில் செய்த கார் விளக்கு

புளியும் சாம்பலும் சேர்த்துப் பித்தளையைத் தேய்த்தால் விரல் இடுக்கில் ஒரு வாடை ஏறும். எத்தனை முறை கழுவினாலும் அன்று முழுவதும் போகாது, சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் சோற்றை முந்திக்கொண்டு அதுதான் வரும். மற்றவர்களுக்கு அந்த வாடை நோன்பு நாளையும் துலக்கி அடுக்கிய குடங்களையும் நினைவூட்டலாம். எனக்கு அது என் பெரியப்பா மகன் அத்தியப்பனை நினைவூட்டுகிறது, நினைத்ததும் வயிறு எரிகிறது. எழுபதைத் தாண்டிய ஒருத்தி செத்துப்போன அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே பெரியப்பா போய்விட்டதால் பெரியம்மாவும் அவனும் எங்களோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரு சோடி மாடு, ஒரு கிணறு, சோளமும் நிலக்கடலையும் விளையும் கொஞ்சம் மேட்டாங்காடு, இவ்வளவுதான் சொத்து. எங்கள் வீட்டில் "அப்பனில்லாத பையன்" என்ற ஒரு பேச்சு உண்டு. கம்பஞ்சோற்றுக்கு ஊற்றிய தயிர் அவன் கிண்ணத்தில் மட்டும் கெட்டியாக இருந்ததற்கும், நான் சாணி அள்ளும்போது அவன் திண்ணையில் தூங்கியதற்கும், அவன் என்னை அடித்தால் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதற்கும் அந்த ஒரே பேச்சுதான் காரணம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அழுத்தமாக எதையாவது கடிக்க வேண்டும் போலிருக்கும் எனக்கு.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, எங்கள் பக்கத்து மிட்டாதார் ஒரு கார் வாங்கினார். குத்தகைக்காரர்களைப் பார்க்க அவர் வரும்போதெல்லாம் அது எங்கள் ஊர்ச் சாவடிக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்கும். ஒரு மாதத்துக்குள் ஊரில் கோவணம் கட்டிய பையன்கள் எல்லாரும் கல்யாண முருங்கைக் கட்டையில் கார் செதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தியப்பனும் செதுக்கினான். நன்றாகத்தான் செதுக்கினான், அதை நான் மறுக்கவில்லை. முழ நீளத்தில், மட்கார்டு வளைவோடு, பார்த்தால் கார் என்று சொல்லும்படி இருந்தது. விளக்கில்தான் எல்லாப் பையன்களும் கோட்டை விட்டார்கள். ஒருவன் ஆமணக்கு விதையை ஒட்டினான், ஒருவன் சோடாக் கோலியைப் பதித்தான், இன்னொருவன் அம்மாவின் வளையலை உடைத்துச் செருகி உதை வாங்கினான். எல்லாக் காரும் கண்ணில் பூ விழுந்தாற்போல் நின்றன.

பையன்கள் யாரும் விளக்கைச் சரியாகப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் டிரைவர் அவர்களைக் கிட்டே விடமாட்டார், சுள்ளியை எடுத்துக்கொண்டு துரத்துவார். என்னைத் துரத்தவில்லை. இடுப்பில் குடம் இருந்தால் பெண்பிள்ளை எங்கே நின்றாலும் யாரும் கேட்பதில்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர்க் கிணறு. நான் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, குடத்தை இறக்கிவைத்து இளைப்பாறுகிற பாவனையில் இன்னொரு முறை என்று அந்த விளக்குகளைப் பார்த்து முடித்தேன். பார்த்ததில் ஒன்று விளங்கியது: கார் விளக்கு என்பது வெளியே பளபளக்கிற பொருள் அல்ல, உள்ளே குழிந்த கிண்ணம். வெள்ளி போன்ற அந்தக் கிண்ணத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ், முன்னால் கோடு கோடாக ஒரு மூடி. பகலில் எரியாமல் இருக்கும்போதும் வெளிச்சம் உள்ளே போய்ச் சேர்ந்து கிடந்தது. எனக்கு அப்போது ஒரே ஆசை வந்தது, வாழ்க்கையில் அப்படி ஓர் ஆசை அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை. அந்த விளக்குக்குப் பின்னால், காரின் முன்பலகையில் உட்கார்ந்து, அது எரியும்போது வெளிச்சம் எதன்மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க முடியாதென்பதால் விளக்கைச் செய்வதென்று முடிவு செய்தேன். எங்கள் மாட்டுக் கழுத்துப்பட்டையில் வரிசையாக மணிகள் தொங்கும், நடுவில் மட்டும் சிறு எலுமிச்சை அளவுக்கு உருண்டையாக ஒரு பித்தளை மணி. அது இரண்டு கிண்ணங்களை ஈயப்பற்று வைத்து ஒட்டிய உருண்டை என்பது மாட்டைக் குளிப்பாட்டுகிறபோது தடவிப் பார்த்து எனக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்து பொங்கல் வரும்வரை பட்டையை யாரும் ஆணியிலிருந்து எடுக்கமாட்டார்கள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். எட்டாத உயரத்தில் இருந்ததால் அத்தியப்பனிடம் சொன்னேன். அவன்தான் ஏறி வார்க்கயிற்றை அறுத்து மணியை என் கையில் போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். அடுப்புத் தணலில் அதைப் புதைத்து, ஈயம் இளகியதும் இடுக்கியால் தட்டியபோது உருண்டை இரண்டாக விரிந்து, உள்ளிருந்த இரும்புக் குண்டு சாம்பலில் ஓடியது.

உட்பக்கம் வெள்ளையாக வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டு அண்டாவுக்குள் அந்த இரண்டு கிண்ணங்களையும் போட்டுக் கொண்டுபோனேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்குச் சாமி, பொம்மைக்குச் சோறாக்கவா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நவச்சாரப் புகை எழும்ப, ஈயத்தைத் தடவி, பஞ்சால் ஒரே சுற்றில் துடைத்துக் கொடுத்தார். என் மூக்கு அதில் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் குமிழுக்கு ஒரு நிறமில்லாத பாசிமணி, அதை வேலமுள்ளில் குத்தி அரக்கில் நிறுத்தினேன். முன்மூடிக்குக் கரட்டுப் பாறையில் பொறுக்கிய, கண்ணாடிபோல் ஊடே தெரியும் காக்காப்பொன் தகடு. அது கத்தரியால் வெட்டினால் நகம்போல் வெட்டுப்படும், அதில் ஊசியால் நெடுக்கே கோடு இழுத்தேன். வெளிப்புறப் பித்தளையைப் புளியும் சாம்பலுமாகத் தேய்த்து எடுத்து, கம்பியில் கோத்து, இரண்டு மட்கார்டுக்கும் நடுவே நிறுத்தியபோது அந்தக் கட்டைக்குப் பார்வை வந்துவிட்டது. அத்தியப்பன் குனிந்து விளக்குக்குள் பார்த்தான். பிறகு காரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

என் கணக்கு தப்பியது. பொங்கலுக்கு முன்பே ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டி வந்து, அப்பா வண்டி பூட்டினார். எங்கள் பக்கம் இழவு விழுந்த வீட்டில்தான் மாட்டு மணியைக் கழற்றுவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது நடுமணி இல்லாத மாட்டை ஊரே பார்த்தது. "எழவு ஊட்டு மாடாட்ட நிக்குது பாரு" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். யார் என்று அப்பா கேட்டபோது நான்தான் என்றேன். புளியம் விளார் மூன்று முறிந்தது. அறுத்துக் கொடுத்தவன் கதவோரம் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தான், நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று செய்ததில் நான் வருந்துவது அதற்கு மட்டும்தான்.

அடுத்த முறை மிட்டாதார் வந்தபோது சாவடியில் கூட்டம். அத்தியப்பன் தன் காரைப் பெரிய காருக்கு நேர் எதிரே, விளக்குக்கு விளக்கு பார்க்கும்படி வைத்துவிட்டு நின்றான். டிரைவர் சுள்ளியை எடுப்பதற்குள் மிட்டாதார் பார்த்துவிட்டார். குந்தி உட்கார்ந்து அதைத் தூக்கி, மூடிக்குள் உற்றுப் பார்த்தார். பல்லக்குப் போல் நடக்கிற மனுஷர் புழுதியில் குந்தியதை ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. "கட்டைய எவன் வேணாலும் செதுக்கிருவான். இந்த வெளக்கு ஆரு செஞ்சது?" என்றார்.

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தேன். அத்தியப்பன் என்னைப் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பார்த்தான். அப்பா எனக்கும் மிட்டாதாருக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "நம்ம பையன்தானுங்க சாமி. அப்பனில்லாத பையனுங்க" என்றார். பத்து நாளுக்கு முன் அதே விளக்குக்காக என்னை அடித்த மனிதர். என் கணுக்காலில் விளார்த் தழும்பு அப்போதும் இருந்தது.

"ஏறுடா முன்னால" என்றார் மிட்டாதார். பொழுது சாய்ந்திருந்தது. அந்த வேளையில் விளக்கைப் போடச் சொல்லி, நாமக்கல் சாலையில் பாலம்வரை அவனை முன்பலகையில் உட்காரவைத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். போகும்போது மிட்டாதார் பொம்மைக் காரைத் தன் வீட்டுப் பிள்ளைக்கென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் விளக்கை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அவனைத்தான் கேட்டேன், எது எதன்மேல் வெளிச்சம் விழுந்தது என்று. கோபத்தைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது. அவன், "ஒண்ணுந் தெரியலே பாவாயி. ரோடு எம்மேல வந்து உழுகற மாதிரி இருந்துச்சு. பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்" என்றான். எனக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு வீணடித்துவிட்டு வந்திருந்தான். அவனை அந்த இடத்தில் கொன்றிருப்பேன்.

சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் அதட்டவில்லை. "நீ நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போறவ. உனக்கெதுக்குக் கண்ணு அந்தப் பேரு. அவன் பொழைக்கட்டும்" என்றார். அடித்ததை மன்னித்துவிட்டேன். அந்தக் "கண்ணு" என்ற சொல்லை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவன் பிழைத்தான். சண்டைக் காலத்தில் மிட்டாதார் கரியில் ஓடும் பஸ் ஒன்று விட்டபோது, "அந்த வெளக்குச் செஞ்ச பையன்" எங்கே என்று தேடி ஆள் அனுப்பி வேலைக்கு வைத்துக்கொண்டார். முதலில் கரி அள்ளிப் போட்டான், பிறகு ரிப்பேர் கற்றான், ஓட்டினான், அப்புறம் சொந்தமாக ஒன்று, இரண்டு, வரிசையாகப் பஸ்கள். என்னை நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டுக்காரர் வீட்டில் கொடுத்தார்கள். பேர் எனக்கு வந்திருந்தால் மட்டும் என்னைப் பஸ்ஸில் சேர்த்திருப்பார்களா என்றால், மாட்டார்கள், அவ்வளவு தெரியாதவள் இல்லை நான். ஆனால் தராமல் இருப்பது வேறு, எடுத்துக்கொண்டுபோய் அதையே வாழ்நாள் முழுக்கக் கும்பிடச் சொல்லிக் காட்டுவது வேறு. கல்யாண வீடு, எழுமாத்தூர்ச் சம்பந்தி வீடு, புதுப் பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நாள், எங்கே நாலு பேர் கூடினாலும் மாட்டு மணியை உருக்கி விளக்குச் செய்த கதையை அவன் சொல்வான். முன்பலகையில் உட்கார்ந்து போனபோது சாலை பூவாக விரிந்ததாம். வேலமுள்ளைக்கூட மறக்காமல் சொல்வான், நான் பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

ஐம்பது வயதுக்கு மேல் என் மகன் வாங்கிய காரில் முன்னால் உட்கார்ந்து ராசிபுரம் போய் வந்தேன். விளக்கெரிந்தது. சாலை தெரிந்தது, இரண்டு பக்கமும் புளியமரம் தெரிந்தது. பதினோரு வயதில் பார்க்க வேண்டியது அது. ஐம்பதுக்கு மேல் அது எனக்கு வெறும் சாலை.

இப்போது மாட்டுக்கு மணி இல்லை, மாடே இல்லை. ஈயம் பூசுகிறவர் வருவதில்லை, பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டாயிற்று. வட்டமான கார் விளக்கும் போய், என்னவோ கோபத்தில் இடுக்கிய கண்ணைப்போல் நீளவாட்டில் வைத்திருக்கிறார்கள். போனவற்றுக்காக அழ எனக்கு நேரமில்லை. அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்கிறவர்கள் என் கணுக்காலைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

போன வாரம் அத்தியப்பனின் மூத்த மகன் வந்திருந்தான். முதலாண்டு நினைவுக்கு மலர் போடுகிறார்களாம், நான் அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அச்சுக்குப் போகிற தாள்களைக் காட்டினான். முதல் பக்கமே மாட்டு மணிதான். எனக்கு அறுபது வருஷமாக வாயில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. தணல், நவச்சாரம், காக்காப்பொன், அப்பாவின் முதுகு, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், ஒரு தடவைகூட ஆச்சரியப்படவில்லை.

முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "அப்பா போறதுக்கு மிந்தியே சொன்னாருங்க அத்தை. 'வெளக்க நாந்தான் செஞ்சேன்னு உங்க அத்தை சொல்லும். வயசானவங்க, மனசு நோகப் பேசீராதீங்க, ஆமான்னு கேட்டுக்குங்க'ன்னு சொன்னாருங்க" என்றான்.

நல்ல பையன். காபியைக் குடித்துவிட்டு, போகும்போது காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.