புளி போட்டுத் துலக்கிய சக்கரம்

இந்த நாட்டில் சோற்றில் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். ரோட்டில் மட்டும் லொறி லொறியாகக் கொட்டுகிறார்கள். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பெரிய லொறி ஒன்று பின்பக்கமாக எதையோ வெள்ளை வெள்ளையாக இறைத்துக்கொண்டு போனது. என் சப்பாத்தின் மேலும் கொஞ்சம் விழுந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பனி உருகுவதற்கு உப்புப் போடுகிறார்கள் என்றார். இலங்கையில், ஹட்டன் பக்கம் றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பொழுது சாய்ந்துவிட்டால் பக்கத்துக் காம்பராவுக்குக்கூட உப்புக் கடன் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். இங்கே அந்த லட்சுமியை ஊரே சப்பாத்துக் காலால் மிதித்துக்கொண்டு போகிறது. அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உப்பு ரோட்டோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அது கார்ச் சக்கரத்தில் ஏறி, பிரேக்கிலிருந்து உதிரும் கறுப்புத் தூளோடு சேர்ந்து, அடிப்பிடித்த சட்டிக் கரி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. புத்தியுள்ளவர்கள் குளிர்காலத்துக்கென்று மலிவான இரும்பு ரிம் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அது கௌரவக் குறைச்சல். பளபளக்கும் அலாய் ரிம்மோடுதான் பனியிலும் ஓடுவார். பிறகு ஏப்ரல் மாதம் வெயில் எட்டிப்பார்த்ததும் சக்கரங்களைக் கழற்றி, கராஜில் வரிசையாகச் சாத்தி வைத்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவார். வாரக் கடைசி என்று ஒன்று வருவதே இந்த ரிம்களுக்காகத்தான் என்று நினைக்கும்படி இருக்கும்.

அவர் இறம்பொடைக்காரர். இங்கே வருவதற்கு முன் கண்டி – நுவரெலியா ரோட்டில் ஹயர் வான் ஓட்டினார். அங்கே வான் கழுவுவது ஒரு வேலையே இல்லை. ரோட்டோரம் மலையிலிருந்து தண்ணீர் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுச் சாக்குமாக இறங்கினால் டீ ஆறுவதற்குள் சேறு போய்விடும். எங்கள் மலைச் சேறு ஒட்டுமே தவிர அரிக்காது. இங்குள்ள அழுக்கு அப்படியில்லை. அந்த வருஷம் அது ரிம்மின் மேல் பூசியிருக்கும் வார்னிஷுக்கு அடியில் புகுந்து, புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு கோடாக அரித்து வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சில் பாதி எனக்காக விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அவர்கள் கொழுந்தெடுத்துவிட்டுத் திரும்பும்வரை பிள்ளைகள் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். பல வருஷம் காத்திருந்து, படித்து, பரீட்சை எழுதி, கடைசியில் இங்கேயும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். இருட்டோடு போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஜூன் முடிவதற்குள் லைசன்ஸோடு வந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. எழுத்துப் பரீட்சை முடித்துவிட்டேன். பக்கத்தில் ஆள் இருந்து ஓட்டிப் பழக வேண்டியதுதான் பாக்கி. அதற்கு இந்த மனுஷன் சாவியைத் தர வேண்டுமே.

"மொதல்ல ரிம்ம சரி பண்ணிக்கிறேன். நீ பழகுறேன்னு ரோட்டுக் கரையில ஒரசிப்புடுவ" என்றார். ஏப்ரல் முழுவதும் அதையே சொன்னார். நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் வாங்கிய மருந்துகள் எதிலும் அவருக்குத் திருப்தியில்லை. உரிந்த வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். உள்ளே இருந்த வெறும் அலுமினியம் மங்கலாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை குசினிக்கு வந்து வீட்டில் புளி இருக்கிறதா என்று கேட்டார். ரசம் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து இருக்கிற புளியையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். போதாது என்று தமிழ்க் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மலைநாட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டு வழக்கம்போல, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். ஹட்டன் பக்கம் என்று வழக்கம்போல நானும் சொன்னேன். அடுத்த தடவையும் கேட்பார். புளியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், இவர் கராஜில் சட்டியோடு உட்கார்ந்து அதை உப்புப் போட்டுக் கரைக்கிறார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "என்னங்க, அது பித்தளைக்குப் போடுறதுங்க" என்றேன்.

"மாரியம்மன் கோயில் குத்துவிளக்குல ஒரு வருசத்துக் கரி இருக்கும். திருவிழாவுக்கு மொத நாள் நாங்கதான் தொலக்குவோம். தங்கம் மாதிரி வரும். இது என்ன பெரிய அழுக்கு?"

உப்பு அரித்த சக்கரத்துக்கு உப்பையே மருந்தாகப் போடும் ஆளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? நாலு ரிம்மிலும் அப்பம் மாதிரி புளியை அப்பினார். பக்கத்து வீட்டு பிரையன், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நல்ல மனிதர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இது என்ன என்று கேட்டார். இவர் தன் ஆங்கிலத்தில், சாப்பாடு என்றார். பிரையன் என்னைப் பார்த்தார். உண்மைதானே, நானும் தலையாட்டினேன். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எங்கள் வாசற்படியில் சக்கரம் கழுவும் மருந்துப் போத்தல் ஒன்று, புதிதாக, மூடி திறக்காமல் நிற்கிறது. மருந்து வாங்க வழியில்லாமல் சாப்பாட்டைப் பூசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புளி காய்ந்துவிடாமல் ரிம்களைக் கடைப் பைகளால் சுற்றிக் கட்டிவிட்டு, விடியட்டும், அந்த ஆளுக்குக் காட்டுகிறேன் என்று படுக்கப் போனார்.

விடிந்ததும் பைகளை அவிழ்த்தார். கழுவினார். திரும்பவும் கழுவினார். ரிம் முழுவதும் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக, அம்மை போட்டு இறங்கிய முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. திட்டலாம் என்றுதான் போனேன், ஆனால் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் கிளம்பியது. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

"இனிமே ஒரசுறதுக்கு ஒண்ணுமில்லங்க. சாவியத் தாங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சக்கரங்களை மாட்டிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

நான் ஓட்டுவதற்கு உட்கார்ந்ததும், முதல் ஓட்டம் என்று நாலு டயருக்கும் கீழே ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் ஏறினார். காரைக் கிளப்பப் போனேன். பிரையன் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். குனிந்து, கார் ஏறியிருக்க வேண்டிய பழங்கள் எல்லாவற்றையும் பொறுக்கி, மண் தட்டி, இறக்கியிருந்த கண்ணாடி வழியாக என் மடியில் போட்டார். நல்லவேளை பார்த்தேன் என்று அவருக்கு ஒரே பெருமை. எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் அதை விளக்கிச் சொல்ல முடியாது. நன்றி சொல்லிவிட்டுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மே மாதம் முழுவதும் பழகினேன். ஜூன் தொடக்கத்தில் நடந்த பரீட்சையில் தோற்றேன். மரங்கள் மறைத்த ஒரு வளைவில் என் கை தானாகப் போய் ஹார்னை அழுத்திவிட்டது. ஹட்டன் ரோட்டில் பஸ்ஸிலும் வானிலும் போன காலமெல்லாம் ஒவ்வொரு முடக்கிலும் நான் கேட்டது அதைத்தான். இங்கிருந்து ஒரு ஹார்ன், எதிரே வருகிறவனிடமிருந்து ஒரு ஹார்ன், அதற்குப் பிறகுதான் வண்டி திரும்பும். பரீட்சை வைத்த அம்மா யாரைப் பார்த்து அடித்தேன் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். பிறகு ஏன் என்றார். யாராவது வந்தால் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். இங்கே ஹார்ன் அடிப்பது ஆளைத் திட்டுவதற்குச் சமமாம். முன்னாலேயே ஒருவர் சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வீட்டுக்காரரைக் கேட்டால், தனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது என்று அப்போதுதான் வாயைத் திறக்கிறார்.

மாதக் கடைசியில் இரண்டாம் தடவை போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, தேறினேன். வேலை கிடைத்தது. இப்போது நான்தான் இருட்டோடு போய்க் காப்பகத்தின் கதவைத் திறக்கிறேன். போகும் வழியில் அதே வளைவு வருகிறது. ஹார்ன் அடிப்பதில்லை, கையை அடக்கப் பழகிவிட்டேன். கால்தான் இன்னும் அடங்கவில்லை. வளைவு வந்ததும் அது பிரேக்கில் போய் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கமிருந்து யாராவது பதில் ஹார்ன் கொடுப்பார்கள் என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் சத்தம் போடாமல் நிற்கிறார்கள்.