மகனுக்கு ஒரு குட்டி சைக்கிள்

கண்ணாடிக் கடையில் அவருக்கு 'டேப்பு' என்றுதான் பெயர். ஜன்னல் கண்ணாடியை வெட்டும் முன் மூன்று தடவை அளப்பார். "டேப்பு கட்டிலை அளந்துட்டுத்தான் படுப்பான்" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகனுக்கு நாலு வயது. அடிக்கடி விழுந்தான், தரையிலிருந்து எழுந்தால் முழங்காலில் கையூன்றி எழுந்தான். சத்துக் குறைவாக இருக்கும் என்று கூட்டிப் போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்றார். மனைவி அழுதாள். இவருக்கு அழுகைகூட வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டுப் பெண்குழந்தைக்குப் பெடல் இல்லாத குட்டி சைக்கிள் வந்தது. காலால் தரையை உந்தி உந்திப் போனாள். தனக்கும் வேண்டுமென்று பையன் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டான். டாக்டரிடம் கேட்டார்கள். "களைச்சுப் போகாம பாத்துக்கங்க. ஆசைப்பட்டா ஓட்டட்டும்."

சைக்கிள் கடையில் இரண்டு தேறின. ஒன்று சின்னது, காற்றடிக்க வேண்டாத டயர், ஒரு விரலால் தூக்கலாம். இன்னொன்று பெரியது, இரும்பு.

"இதை எடுங்க சார்" என்று கடைக்காரப் பெண் இரும்பைத் தட்டினாள். "பிள்ளை வளர வளர சீட்டை ஏத்திக்கலாம். ஏழு வயசு வரைக்கும் கவலையே இல்ல."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் குனிந்து மகனின் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். இரும்பு சைக்கிளும் பொருந்தத்தான் செய்தது.

"பெருசே இருக்கட்டும்" என்றார்.

"என்னங்க இது? அவனால அதைச் சாய்ச்சு நிமித்த முடியுமா?"

"ஏழு வயசு வரைக்கும் வரும்னு சொல்றாங்கல்ல?"

"சைக்கிள் வரும்." அவள் மகனின் கால்களைப் பார்த்தாள். "சின்னதை எடுங்க. இன்னைக்கு ஓட்டுறான் பாருங்க, அதுக்கு வாங்குங்க."

பையன் அதற்குள் சின்னதில் ஏறி, அலமாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். அவர் சின்னதையே கட்டச் சொன்னார்.

கோடை முழுவதும் ஓட்டினான். தெருமுனை வரை போவான். திரும்பி வர மூச்சு வாங்கும். அவர் பின்னாலேயே நடந்து, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். வர வர, தெருமுனை வரை என்பது தபால்பெட்டி வரை என்றானது. தபால்பெட்டி பக்கத்து வீட்டு வாசலானது. பிசியோதெரபியை ஒருநாள்கூட விடவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மறுவருஷம் எதிர்வீட்டுப் பெண் பெடல் சைக்கிளுக்கு மாறிவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரிடம் பையன் சொன்னான்:

"அப்பா, சைக்கிளை உள்ள வெச்சிடுங்க."

"ஏன்டா செல்லம், மழையா வருது?"

"வெளிய இருந்தா எல்லாரும் ஓட்டு ஓட்டுன்னு சொல்றாங்க."

அவர் தூக்கிக்கொண்டு போய்த் துணி பீரோவுக்குப் பின்னால் சாய்த்தார். ஹேண்டில் வெளியே துருத்தியது. மனைவி வந்து பார்த்துவிட்டு, அதை மூட ஒரு பழைய போர்வையை எடுத்து நீட்டினாள்.