பாடாங் மேஹாவில் எண்ணிய முப்பத்து நான்கு இஸ்திரிப் பெட்டிகள்

எண்பதுகளின் தொடக்கம். பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு முதன்முதலாக மின்சாரம் வரவிருந்தது. நாற்பது வீடுகளுக்கு எவ்வளவு பெரிய மின்மாற்றி வேண்டும் என்று கணிக்கும் வேலை, மின்வாரிய ஊழியனான எனக்கு. பட்டணத்துப் பாக்கார் ஆராங் வரிசை வீடுகளுக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டு, 25 கேவிஏ திறன் போதும் என்று எழுதிவிட்டேன். பட்டணத்தில் பத்து வீடு என்றால் நான்கு வீட்டில்தான் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டி ஓடும். தோட்டத்தில் மட்டும் என்ன வேறாகிவிடப் போகிறது என்ற தெனாவட்டு!

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை 5.30க்கு சுங்கை பட்டாணியில் பஸ் ஏறினேன். கட்டணம் 1 வெள்ளி 20 காசு. இறங்கியபின் தோட்டம் வரை டாக்சிக்கு 2 வெள்ளி. 6.50க்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வீடு கரிப்புகை. வாசலில் கரி இஸ்திரிப் பெட்டியை ஆட்டிக் கங்குகளை ஊதிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி மேரி அக்காவிடம் கேட்டேன்.

"என்னக்கா, எல்லாரும் ஒரே நேரத்துல?"

"ஃபாதர் மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாரு தம்பி. எட்டு மணிக்குப் பூசை. நேத்து வேல விட்டு வந்து தொவச்சது விடிஞ்சாத்தான காயும்? கசங்கின சட்டையோடயா கோயிலுக்குப் போறது?"

"கரண்டு வந்துட்டா?"

"கரண்டுப் பெட்டி எல்லா வீட்லயும் ரெடி லா! மொத பூசைக்கே புஸ்ஸுன்னு போயிடாதே?"

வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன்: முப்பத்து நான்கு. பெட்டிக்கு ஒரு கிலோவாட் என்றால், நான் எழுதிய 25 கேவிஏ மின்மாற்றி பூசைக்குப் பூசை படுத்துவிடும். இவர்கள் மறுபடியும் கரி ஊத வேண்டியதுதான்.

திங்களன்று 50 என்று திருத்தினேன். மேலதிகாரி முறைத்தார்.

"தோட்டத்துக்கு எதுக்குய்யா இவ்ளோ பெருசு? தப்பாப் போச்சுன்னா உன் வேல போயிடும், பாத்துக்க."

"போகட்டும் சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

இதே வேலையாகத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டை எண்ணினால் போதாது, எல்லாரும் ஒன்றாகச் செய்யும் காரியம் எது என்று கேளுங்கள். அது நடக்கும் நாளிலேயே போங்கள். ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் முழுதாகப் பார்க்கலாம்.

மின்சாரம் வந்தபின் முதல் பூசை நாளன்று மேலதிகாரியும் நானும் மின்மாற்றி அடியில் நின்றோம். 7.15. மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் ஏறியது, இன்னும் ஏறியது, நின்றது. ஒரு விளக்குகூட மங்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்து வாசலிலிருந்து மேரி அக்கா எங்களைக் கூப்பிட்டு, மேலதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சட்டையோடயா சார் பூசைக்கு? கழட்டிக் குடுங்க."

சட்டை சூடாகத் திரும்பி வரும்வரை மேலதிகாரி பனியனோடு நின்றார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது.