கன்னத்து மச்சத்துக்காக அழுதேன்

என் கன்னத்து மச்சம் வளர்கிறது என்று முதலில் சொன்னவர் என் கணவர் டேவிட்தான், சபையாரே. சிறு வயதிலிருந்தே இருந்த புள்ளி. இப்போது உளுந்து அளவு ஆகியிருந்தது. புற்றுநோய்தான் என்று மனம் முடிவே கட்டிவிட்டது. சோறு இறங்கவில்லை. தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அடிக்கடி கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். "என் பிள்ளைகளுக்கு நான் வேண்டும், ஆண்டவரே. இந்த மச்சத்தைத் தொடும்." வேறு ஜெபமே வாயில் வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் தோல் டாக்டரைப் பார்க்க மலையிலிருந்து ஈப்போ நகரத்துக்கு இறங்கினோம். வழியெல்லாம் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"பயப்படாத லா, டாக்டர் பாத்துச் சொல்லட்டும்" என்றார் டேவிட்.

"உங்க மூஞ்சிலயா இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டரம்மா ஜெல் தடவி, விளக்கு வைத்த சின்ன நுண்ணோக்கியைக் கன்னத்தில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "சாதாரண மச்சம்தாம்மா. பயமே வேணாம்."

அல்லேலூயா என்று கத்தியேவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க. சப்பாத்தக் கழட்டுங்க, உள்ளங்காலும் பாக்கணும்."

குதிகாலில் ஒரு கரும்புள்ளி இருந்தது. "அது பழைய அட்டைக்கடி, டாக்டர். காட்டுல வேல செய்றவங்க காலெல்லாம் இப்படித்தான்" என்றேன்.

அவர் குதிகாலுக்கும் ஜெல் தடவினார். கருவியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

பிறகு திரையில் படத்தைக் காட்டினார். தேயிலை நிரை மாதிரி, தோலில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள். "கறுப்பு பள்ளத்துல ஓடுனா பெரும்பாலும் பயமில்ல. உங்களுக்கு மேட்டு மேல ஓடுது. வெட்டி எடுத்துச் சோதிக்கணும்."

முடிவு வரும்வரை என்னால் முழு ஜெபம் செய்ய முடியவில்லை. 'ஆண்டவரே' என்பதோடு நின்றுவிடும். டேவிட்தான் என் காலைப் பிடித்துக்கொண்டு எனக்கும் சேர்த்து ஜெபித்தார்.

முடிவு வந்தது. மெலனோமா, தோல் புற்றுநோய். ஆனால் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் தோலை வெட்டி எடுத்தார்கள். வேறு எங்கும் பரவவில்லை என்றார்கள். ஐயோ, அன்று நான் அழுத அழுகை!

இப்போது லேசாக நொண்டினாலும் காட்டு வேலைக்குப் போகிறேன். ஆராதனை முடிந்ததும் பெண்களைப் பிடித்துச் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், காலைக் காட்டினால் போதும்.

பயம் வந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், சொல்லிவிட்டு டாக்டரிடமும் போங்கள். ஜெபத்தில் இடம் மாறிக் கேட்டுவிட்டோமோ என்று கலங்காதீர்கள். நான் கன்னத்தைக் காட்டி அழுதுகொண்டிருந்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.