கழல மறுத்த சென்சார்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜியும் கேசரியும் கொடுக்கலாம், சோறு போடக் கூடாது. பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யாராக இருந்தாலும், கார் ரிப்பேரைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவில்லை.

அத்தையைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓடின. எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் ஸ்பேனரோடு போய் நிற்பது அத்தைதான். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தட்டிப்போயிருந்தது. இதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அப்பா காலையிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்துத் தடவி, "கை காய்ச்சுப் போயிருக்கே" என்றார். பிறகு கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு, "ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று எழுந்துகொண்டார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்ப எதுவும் சொன்னதில்லை என்பது எனக்கே தெரியும். அப்பாவின் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் அத்தை உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரும் வழியிலேயே காரில் சூட்டைக் காட்டும் முள் தாறுமாறாக ஆடியதாம். "என்ஜின்ல கோளாறு ஒண்ணுமில்ல, சென்சார்தான் போயிருக்கு. புதுசு டிக்கியில கெடக்கு. செத்த நேரத்துல மாத்திருதேன்" என்று மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தார். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு ஸ்பேனரை மாட்டி ஒரு திருகு திருகினார். சென்சாரின் தலை ஸ்பேனரோடு உடைந்து வந்துவிட்டது. உடம்பு என்ஜினுக்குள்ளேயே நின்றுகொண்டது.

அதை எடுக்காமல் புதியதை மாட்ட முடியாது. மாட்டாமல் ஓட்டினால் உடைந்த இடத்தின் வழியாகத் தண்ணீரெல்லாம் கொட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒர்க்‌ஷாப்பும் பூட்டிக் கிடந்தது. பஸ்ஸில் போகலாமே என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"வண்டியப் பொண்ணு வீட்டு வாசல்ல போட்டுட்டு பஸ்ஸுல போயி எறங்குனா, என்ன தகராறுன்னு ஊரே கேக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நல்ல சாப்பாட்டுக்காரர் என்று அவருடைய வயிறே சொன்னது.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். உளி வைத்துத் தட்டிப் பார்த்தார்கள். சென்சார் அசையவில்லை, மதியமும் தாண்டிவிட்டது. அம்மா எங்களுக்கென்று சோறு வடித்து அப்பளம் பொரித்தாள். அந்த வாசம் வாசல்வரை போனது. மாப்பிள்ளையின் அப்பா, தாமே வாங்கிவந்து எங்களிடம் கொடுத்துவிட்ட பால்கோவாப் பொட்டலத்தை அடிக்கடி பார்த்தார். கொடுத்ததைத் திரும்ப எப்படிக் கேட்பார், பாவம்.

அப்போது அத்தை பட்டுச்சேலையோடு தறிக்கூடத்துக்குப் போய், பிடி கழன்ற ஓர் அரத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "இதோட வால உள்ள விட்டு, ரெண்டு தட்டு தட்டி இடது பக்கமாத் திருப்பச் சொல்லு. தறியில போல்ட்டு ஒடைஞ்சா நான் அப்படித்தான் எடுப்பேன். நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."

நான் போய் மாப்பிள்ளையின் காதில், "அத்தை சொன்னதாச் சொல்லக் கூடாதாம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அரத்தை வாங்கினார்.

அரத்தின் கூரான வால் உடைந்த பித்தளைக்குள் இறங்கிக் கவ்விக்கொண்டது. அவர் இடது பக்கம் திருப்பியதும் கிரீச்சென்று ஒரு சத்தம். சென்சார் அசைந்தது. அரைச் சுற்று வந்தேவிட்டது. பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை நின்றிருந்தாள். உடனே சென்சாரை வலது பக்கமாகத் திருகி, பழையபடி இறுக்கிவிட்டார்.

"அசைய மாட்டேங்குதுப்பா. இன்னும் எம்புட்டு நேரம் ஆகுமோ தெரியல" என்றார் தன் அப்பாவிடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழன்றுவிட்டதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனதும் ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜி ஒன்றை முழுசாக என் வாயில் அடைத்தாள்.

நான் அதை மென்று முடித்தபோது மாப்பிள்ளையின் அப்பாவின் பொறுமையும் முடிந்திருந்தது. "ஏம்மா, கை காய்ச்சா என்ன, உழைச்ச கைதான. பையனுக்கும் பிடிச்சிருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இலையப் போட்டுருவாங்க" என்றார் மனைவியிடம். அந்த அம்மாளுக்கும் பசிதான். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கென்ன, சரிதான்" என்றார்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். இலை விழுந்தது. அப்பாவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கண்கலங்கப் பரிமாறினார். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டுக் கைகழுவிய மாப்பிள்ளை, அரத்தை விட்டு ஒரு திருப்புத் திருப்பினார். சென்சார் கையோடு வந்துவிட்டது. கைராசிக்காரர் என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் மெச்சவில்லை. இடது பக்கம் திருப்பினால் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத ஆளுக்குப் போய் அத்தையைக் கொடுக்கிறார்களே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கார் தெருமுனையைத் தாண்டியதும், நடந்ததை அத்தையின் காதில் போட்டேன்.

"பரவால்ல விடு. போகப் போக நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்" என்றாள் அத்தை. அவள் முகத்தில் கொஞ்சம்கூடக் கவலை இல்லாதது எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.