முருகைக்கல்லுக்கு வந்த கிராக்கி

அறுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் கடலுயிர் ஆராய்ச்சியாளராக இருந்தேன். பவளப்பாறைகளை வெட்டி எடுப்பதைத் தடுக்க ஒரு கூட்டம் கூட்டுங்கள் என்று மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு மேலதிகாரிகள் இரங்கினார்கள். இடம் குற்றாலத்து அரசு விடுதி, மாதம் ஆடி. கடற்கரையைப் பற்றி ஆற அமர யோசிக்க, கடல் கண்ணில் படாத இடம்தான் தோது என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். மீனவர் ஒருவரையும் அழைக்கவில்லை. விடுதியில் இடம் போதாதாம்.

காகிதத்தில் சுற்றிய பவளக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு, தென்காசியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பத்து மணிக் கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்கியது. அருவியில் தண்ணீர் அப்படி விழுந்தது. இந்தக் கல் எண்ணற்ற சிற்றுயிர்கள் கட்டிய வீடு, மீன்குஞ்சுகள் ஒதுங்குவது இதில்தான் என்று விளக்கினேன். எண்ணெய்க் குளியலின் மகிமையில் முன்வரிசை முழுக்கத் தூங்கியது.

ஒருவர் மட்டும் கண்கொட்டாமல் கேட்டார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். விடுதிக்குப் புதுக் கட்டடம் கட்டும் காண்ட்ராக்டராம்.

“அம்மா, இது நம்ம முருகைக்கல்லுல்லா? பின்னால குமிச்சுப் போட்டிருக்கேன். காளவாசல்ல சுட்டா சுண்ணாம்பு பாலு மாதிரி வருது. இன்னும் ரெண்டு லோடு அனுப்பச் சொல்லுங்களேன்.”

“இதை எடுக்காதீங்கன்னுதானே இவ்வளவு நேரம் பேசினேன்?”

“அதான் வெரசா கேக்கேன். தடை போட்டுட்டா அப்புறம் எங்கன போவேன்?”

என் பேச்சைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆள் உயரக் குவியல். சில கற்களில் சிப்பி ஒட்டியபடியே இருந்தது. பெரிய அதிகாரியைக் கூட்டி வந்து காட்டினேன்.

“கட்டடம் முடியட்டும்மா, தடையைப் பரிசீலிப்போம்” என்றார் பெருந்தன்மையோடு.

அவர் போன பிறகு, யாரும் பார்க்காதபடி அந்தக் குவியலின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்டரிடம் நாலு கல் கேட்டு வாங்கிப் போனேன். கடலையே பார்த்திராத பிள்ளைகள் கல்லின் துளைகளில் விரல் விட்டுப் பார்த்தார்கள்.

“டீச்சர், இதுல இருந்ததெல்லாம் இப்ப எங்கன இருக்கு?” என்றாள் ஒருத்தி.

“செத்துப்போச்சு.”

அவள் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். நாலு கற்களையும் அவர்களிடமே விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.